கணக்குக்கு ஒரு சுவர்

கணிதத்தின் மேன்மையை உலகில் முதலில் உணர்ந்த நாடு எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கடைசியாக உணர்ந்த ஊர் பொழியூர் என்பதில் யாருக்கும் வேற்றுமை இருக்க முடியாது. ஆனால் பிந்தி வந்தாலும் பந்தியில் முந்தி உட்கார்ந்த ஊர் அது. பல்கலைக்கழகங்களில் முதுகலை மாணவர்கள் படித்துத் தலைமுடி கொட்டும் பாடத்தை, பௌதிக விஞ்ஞானத்துக்கான கணித முறைகளை, கேரளத்தின் தெற்கு எல்லையில் உள்ள ஒரு கடற்கரை ஊர் முழுவதுமாக உட்கார்ந்து படித்தது என்றால், அந்த ஊரை வணங்காமல் இருக்க முடியாது. வணங்குவோம்.

முதல் வகுப்பு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, வலை செப்பனிடும் கொட்டகையில் கூடியது. ஆஜரானவர்களும் அமர்ந்த இடங்களும் வருமாறு.

சங்கத் தலைவர் பொன்னப்பன், மேற்குத் தூணுக்கு அருகில், கை வைத்த நாற்காலியில். நாற்காலி அவருடைய மளிகைக் கடையிலிருந்து வந்தது. தலைமைப் பதவியும் அதோடு சேர்ந்தே வந்தது. செயலாளர் சிலுவைதாசன், அவருக்கு வலப்பக்கம், பெஞ்சின் ஒரு நுனியில், மடியில் ஃபைலோடு. மறுநுனியில் அவருக்குச் சமமாக ஒரு பெரிய கல். கடலரிப்பைத் தடுப்பதற்காக ஏற்பட்ட அந்தச் சங்கத்தின் கைவசம் இருந்த கல் அது ஒன்றுதான். பயிற்றுநர் ரெஜி, கரும்பலகை அருகில், நின்றபடி. இவர் பொன்னப்பனின் மகன்; பாறசாலையில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துபவர். நீது, ஜன்னல் கட்டையில், நெய்யாற்றின்கரையில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பெண். பொதுமக்கள் தரையில், காலிச் சாக்குக் கட்டுகளின் மேல். மணல் நிரப்பிக் கடலோரத்தில் அடுக்குவதற்காக ஊரில் பணம் பிரித்து வாங்கிய சாக்குகள் அவை. கணிதம் படித்து முடிக்கும்வரை உட்காரப் பயன்படட்டும் என்று தீர்மானம் நிறைவேறியிருந்தது.

கடைசியாக மார்கிரெட், வாசற்படியில், கூட்டத்துக்கு முதுகையும் கடலுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால்தான் அவள் வீடு தெரியும். இவள் நீதுவின் அம்மா, சிலுவைதாசனின் கூடப்பிறந்த தங்கை. கட்டியபோது அவள் வீடு கடலிலிருந்து பின்வரிசையில் இருந்தது. போன வருஷம் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் முன்வரிசை முழுவதும் கடலோடு போய்விட்டபடியால், எந்தச் சிபாரிசும் இல்லாமல் அவள் முன்வரிசைக்கு உயர்த்தப்பட்டாள். அடுத்த எடவப்பாதிக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் வர வேண்டும். வராவிட்டால் வீடு போகும். வீடு போனால் மார்கிரெட், மகள், கோழிகள், மார்கிரெட்டின் நாக்கு ஆகிய நால்வகைச் செல்வங்களும் சிலுவைதாசனின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேரும். அண்ணனுக்குத் தங்கையின் மேல் உயிர். தங்கை தன் வீட்டில் இருக்கும்போது அந்த உயிர் இன்னும் கொஞ்சம் கூடும்.

சுவர் கேட்டதற்கும் கணிதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து இல்லாதவர்கள். சிலுவைதாசன் அப்படியல்ல. பொருள், பார்வை, இணைப்பு, நகல் எல்லாம் முறைப்படி வைத்து எழுதுகிறவர். அவர் அனுப்பிய மனுக்களை அடுக்கினால் ஒருவேளை கடலே நின்றிருக்கும். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. திடீரென்று ஒருநாள் ‘கரையோரக் கணிப்புப் பிரிவு’ என்ற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தார்.

“தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இப்பிரிவின் கணிப்பின்படி மேற்படி வீட்டு வாசலில் அலையின் உயரம் பூஜ்யம். ஆகவே சுவர் தேவைப்படவில்லை. ஆட்சேபணை இருப்பின் கணித வடிவில் தெரிவிக்கவும்.”

அதற்குக் கீழே, மலையாளமும் அல்லாமல் தமிழும் அல்லாமல், ஒரு நீளமான சமன்பாடு. பின்னல் அவிழ்ந்த வலைபோல ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கிடந்தது.

“பூஜ்யமா?” என்றாள் மார்கிரெட். “நேத்து எனக்க கோழிக்கூடு மிதந்துதே, அது பூஜ்யத்திலயா மிதந்துது?”

“கோழிக்கூடு கணித வடிவத்தில இல்ல, மார்கிரெட்டே. அதாக்கும் பிரச்சனை.”

“பின்ன அத எந்த வடிவத்துக்குக் கொண்டுவரணும்?”

சிலுவைதாசன் கடிதத்தை மறுபடி விரித்தார். அவர் மனம் நெகிழ்ந்துபோயிருந்தது. ‘தள்ளுபடி’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஒரு மீன்காரியின் வாசலுக்காக அரசாங்கம் உட்கார்ந்து, கடலை முழுவதும் கணக்காக்கி, கடைசியில் பூஜ்யம் என்று வரும்வரை ஓயாமல் உழைத்திருக்கிறது. இப்படிப்பட்ட அரசாங்கத்தோடு அதன் மொழியில் பேசாமல் இருப்பது மரியாதையல்ல.

அப்படித்தான் வகுப்பு தொடங்கியது.

ரெஜி முதல் நாளே எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தார். “பயப்படாதீங்க. எம்.எஸ்சி.க்காரன் ரெண்டு வருஷம் படிக்கியத நாம ரெண்டு மாசத்தில தீர்க்கப் போறோம். நமக்குத் தேவை விடை மட்டுமாக்கும். கடைசியில எல்லாருக்கும் சர்ட்டிபிக்கேட் உண்டு. ஃபிரேம் போட்டது.”

“ஃபிரேம் மரமா, பிளாஸ்டிக்கா?” என்று பொன்னப்பன் கேட்டார். தலைவர் என்ற முறையில் அவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும்.

முதல் பாடம் ‘புறக்கணிக்கத்தக்கது’. அரசு அலுவலகங்கள் பன்னெடுங்காலமாகக் கையாண்டு வரும் இந்த முறை கணிதத்திலும் இருக்கிறது என்று அறிந்து கூட்டம் வியந்தது. பெரியதற்குப் பக்கத்தில் சிறியது வந்தால் சிறியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்போதுதான் கணக்கு எளிதாகும்.

“உதாரணம் சொல்லுதேன்,” என்றார் ரெஜி. “கடல் எத்தன பெருசு? அதுக்கப் பக்கத்தில மார்கிரெட் அக்காளுக்க வீடு?”

“கொஞ்சம் சின்னது,” என்றார் பொன்னப்பன்.

“அப்போ வீட்ட விட்டிரலாம்.”

“நான் எங்க இருப்பேன்?” என்றாள் மார்கிரெட், கடலைப் பார்த்தபடியே.

“அக்கா, நீங்க வீட்டுக்குப் பக்கத்தில அதவிடச் சின்னது. ஒங்கள அதுக்கும் முன்னாலயே விட்டாச்சு.”

இரண்டாம் பாடம் நுண்கணிதம். கடலை அப்படியே எடுத்தால் கணக்குக்கு அடங்காது. சிறுசிறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக விசாரித்து, பிறகு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ரெஜி விளக்கினார்.

“எத்தன சின்னதா வெட்டணும்?” என்றார் பொன்னப்பன். “சாளை மீன வெட்டுயது மாதிரியா?”

“அதவிடச் சின்னதா.”

“நெத்தோலி அளவுக்கா?”

“அதவிடவும். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு.”

“அப்படின்னா விலை கிடைக்காது, மக்கா.”

மூன்றாம் பாடம் ஃபூரியே தொடர். கடலில் வருகிற கோணல்மாணலான எந்த அலையையும், ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்குகிற பல குட்டி அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்பது இதன் சாரம். மாதாகோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் சாந்தமானவர்கள்தான், கூடினால்தான் நாற்காலி பறக்கிறது என்பதால், இந்தத் தத்துவம் பொழியூருக்கு உடனே விளங்கியது. சிலுவைதாசனுக்கு அன்று இரண்டு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கியது. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தோற்று எழுத்து வேலைக்குப் போனவர் அவர். கணிதம் என்பது தன்னை வேண்டாமென்று சொன்ன பெண் என்பதுபோல இத்தனை காலமும் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறிக்கொண்டிருந்தவர், இப்போது அதன் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தார்.

ஊரும் நடந்தது. வாட்ஸாப் குழுவின் பெயர் ‘பொழியூர் பிரதர்ஸ்’ என்பதிலிருந்து ‘பொழியூர் தொகையீடு’ என்று மாறியது. வெயிலுக்கு வேட்டியை மடித்துக் கட்டுகிறவன்கூட ‘எல்லாத்துக்கும் ஒரு லிமிட் உண்டு’ என்று சொல்லிக்கொண்டு கட்டினான். திருப்புறத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், மாப்பிள்ளையின் வருமானம் தொடர்ச்சியானதா, அல்லது அங்கங்கே விட்டுப்போகிறதா என்று கேட்டார்கள். பொன்னப்பன் தம் கடையில் கடன் கேட்டு வந்தவர்களுக்கு ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். விஞ்ஞான மனப்பான்மை ஒரு சமூகத்தில் வேர்விடுவதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

மார்கிரெட் மட்டும் பின்தங்கினாள். அவள் காலையில் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு மீன் கூடையோடு போய்விட்டு வந்து, வகுப்பின் வாசற்படியில் உட்கார்ந்து, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் கவனம் இல்லை. ஒருநாள் மட்டும் வாய் திறந்தாள்.

“அண்ணா, அந்தச் சாக்கில மண்ணு அள்ளிப் போடுயதுக்கு எந்தப் பாடம் படிக்கணும்?”

“பொறு, மார்கிரெட்டே. ஆட்சேபணை கணித வடிவத்தில போகட்டு. சுவரே வந்த பொறவு சாக்கு எதுக்கு?”

“எடவப்பாதி பொறுக்குமா?”

“மழை அதுக்க நேரத்தில வரும். நாம நம்மளுக்க நேரத்தில முடிப்போம்.”

சித்திரைக் கடைசியில் மாதிரித் தேர்வு நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மார்கிரெட் வீட்டு வாசலில் அலையின் உயரம் என்ன? சிலுவைதாசன் ஃபைல் அட்டையைக் கீழே வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் போட்டார். துண்டு துண்டாக வெட்டினார். புறக்கணிக்க வேண்டியதைப் புறக்கணித்தார். மிச்சத்தைக் கூட்டினார். இரண்டேகால் மீட்டர் என்று வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும் இரண்டேகால். ஊருக்கே இரண்டேகால்.

ரெஜி ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

“தப்பு. ஒருத்தருக்கும் வரல்ல.”

“அதென்ன தப்பு?” என்றாள் மார்கிரெட், முதல் முறையாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி. “போன எடவப்பாதியில எனக்க நெத்தி அளவுக்குமேல வந்துதே. இவங்க சொல்லுயது கணக்காத்தானே இருக்கு.”

“அக்கா, நேரில வாறது வேற, விடை வேற. விடை பூஜ்யம். கவர்மென்டே குடுத்திருக்கு பாத்தீங்களா?” ரெஜி கடிதத்தை எடுத்துக் காட்டினார். “ஆன்சர் கீ கையில இருக்கும்போது அதுக்கு மாறா விடை எழுதுனா ரேங்க் லிஸ்ட்ல பேரு வருமா? வருஷக்கணக்கா நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கியது இதாக்கும்.”

ஊருக்கு அது நியாயமாகவே பட்டது. பொழியூரிலிருந்து காட்டாக்கடை வரைக்கும் உள்ள எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவரானாலும், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விடையை முதலில் பார்த்துவிட்டு, அங்கே போய்ச் சேரும்வரை கணக்கை அடித்து வளைத்தவர்தான். விடைக்காகக் கணக்கா, கணக்குக்காக விடையா என்ற கேள்வியை ஆறாம் வகுப்பிலேயே தாண்டி வந்தவர்கள். ஊர் மறுபடியும் குனிந்து உட்கார்ந்தது. இரண்டேகாலை ஒன்றரையாக்கினார்கள். ஒன்றரையை முக்காலாக்கினார்கள். முக்காலுக்குக் கீழே அலை இறங்க மறுத்தது. பொன்னப்பன் கடலின் ஆழத்தையே புறக்கணித்துப் பார்த்தார். அப்போதும் முழங்கால் அளவு நின்றது.

ஜன்னல் கட்டையில் இருந்த நீது கடைசியில் காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

“சாரே, பூஜ்யம் வரணும்னா ஒரு வழி உண்டு. கரையில ஒரு சுவரு இருக்குண்ணு முதல்லயே எழுதிரணும். சுவரு இருந்தா அதுக்குப் பின்னால தண்ணி வராது. வீடு பின்னாலதானே. பூஜ்யம்.”

கொட்டகையே ஜன்னல் பக்கம் திரும்பியது.

“ஏ பிள்ளே,” என்றார் பொன்னப்பன் மெதுவாக, “சுவரு வைக்கணும்னா கல்லு வேண்டாமா?”

“கணக்குக்கா? ஒரு கோடு போதும், மாமா.”

ரெஜி பாய்ந்து போய்க் கரும்பலகையில் நெடுக்காக ஒரு கோடு இழுத்தார். சமன்பாடு இடப்பக்கத்திலிருந்து சீறிக்கொண்டு வந்து, கோட்டில் முட்டி, அடங்கியது. மறுபக்கம் பூஜ்யம். கைதட்டல் எழுந்தது. சிலுவைதாசன் தம் கையாலேயே கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தார். பூஜ்யம். மறுபடி போட்டார். பூஜ்யம். பள்ளிக்கூடம் விட்ட நாள்முதல் நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது.

“ஏட்டி நீது,” என்று வாசற்படியிலிருந்து கேட்டது. “அந்தச் சுவரு எங்க இருக்கு?”

“போர்டுல, அம்மா.”

“அப்போ நான் சட்டி பானையெல்லாம் எடுத்துக்கிட்டு போர்டுக்குப் பின்னால போயி இருக்கட்டா?”

நீது சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, கணிதத்தில் வெற்றி பெற்றவர்கள் எளிதில் சிரிப்பதில்லை.

அன்றே செயலாளர் கடிதம் எழுதினார். “பொருள்: கணித வடிவில் பதில். தங்கள் கணக்கை இவ்வூர்ப் பொதுமக்கள் சுயமாகப் போட்டுப் பார்த்ததில் விடை சரியாக ஒத்துப்போகிறது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம். இணைப்பு: எங்கள் கணக்கு.” ஆட்சேபணை என்று ஒன்று தெரிவிக்க இருந்தது அந்த மகிழ்ச்சியில் யாருக்கும் நினைவில் இல்லை.

மறுவாரம் பாராட்டு விழா. பழம்பொரி, சாயா, ஃபிரேம் போட்ட சர்ட்டிபிக்கேட். ஃபிரேம் பிளாஸ்டிக். பொன்னப்பன் நன்றியுரையில் ‘பூஜ்யத்தை உலகுக்குத் தந்தது பாரதம், அதை அடைந்தது பொழியூர்’ என்ற இடத்துக்கு வந்தபோது, வாசற்படியில் இருந்த மார்கிரெட் எழுந்து நின்றாள். காற்று இல்லை, மழை இல்லை, பளிச்சென்ற வெயில். இப்படித் திருடனைப் போலச் சொல்லாமல் வந்து ஏறுவதைத்தான் அந்தப் பக்கத்தில் கள்ளக்கடல் என்பார்கள். வந்து ஏறியது. அவள் வீட்டு அடுக்களைச் சுவர் நின்ற நிலையில் முழங்கால் மடித்து உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

மார்கிரெட் உள்ளே வந்தாள்.

“எழும்புங்க ஓய்.”

“நன்றியுரை முடியட்டு, மார்கிரெட்டே...” என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

“நன்றி எனக்குக் கிட்டியாச்சு. எழும்பும். நீரு இருக்கியது எனக்க சாக்கு.”

கணித அறிஞர்களை ஒவ்வொருவராகப் புரட்டித் தள்ளி, அவர்களுக்கு அடியில் இருந்த சாக்குகளை அவள் உருவினாள். சிலுவைதாசன் பெஞ்சிலிருந்து எழுந்தார்; எழுந்த வேகத்தில் மறுநுனியில் இருந்த கல் சங்கத்தின் காலில் விழுந்தது, அதாவது பொன்னப்பனின் காலில். பிறகு ஊரே ஓடியது. மண்வெட்டி கிடைத்தவர்கள் மண்வெட்டியால், கிடைக்காதவர்கள் பழம்பொரித் தட்டால் மணல் அள்ளினார்கள். சிலுவைதாசன் சர்ட்டிபிக்கேட் ஃபிரேமால் அள்ளினார். பிளாஸ்டிக் என்பதால் வளைந்ததே தவிர உடையவில்லை. சாயங்காலத்துக்குள் சாக்குகள் அடுக்கப்பட்டன. அடுக்களை போய்விட்டது, முன்னறையும் ஒரு படுக்கையறையும் நின்றன. மார்கிரெட் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் வீட்டு வராந்தாவில் வைத்தாள். கோழிகள் பின்னாலேயே வந்தன.

“மழை வாறதுக்கு முன்ன சாக்கும் பிஞ்சிரும்,” என்றாள். “அடுத்தது கட்டில வைக்கணும். எங்க வைக்கட்டு, அண்ணா?”

அவர் தம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். புறக்கணிக்கத்தக்க இடம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

இதற்குள் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. வீடு இடிகிறது என்று எழுதியபோது வராத அலுவலகம், விடை சரி என்று எழுதியதும் வண்டி பிடித்து வந்தது. ‘கணித எழுத்தறிவு பெற்ற முதல் கடலோரக் கிராமம்’ என்ற கேடயத்தோடு உதவிப் பொறியாளர் பிஜி மேடம் வந்து இறங்கினார். விழா மேடையை எங்கே போடுவது என்று யோசித்து, அலை பூஜ்யம் என்று நிரூபிக்கப்பட்ட இடத்திலேயே போடுவதுதான் பொருத்தம் என்று முடிவாகி, மார்கிரெட்டின் அடுக்களை இருந்த இடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேடத்துக்கு மலையாளம்; ஊருக்கு இரண்டும். பேச்சுக்கு மொழி தடையாக இல்லை.

“எங்கள் கணக்கு தப்பென்று சொல்லத்தான் எல்லாரும் எழுதுவார்கள்,” என்று மேடம் தழுதழுத்தார். “சரி என்று எழுதிய ஒரே கிராமம்...”

அந்த இடத்தில் அலை ஒன்று மேசைக்கு அடியில் வந்து, மேடத்தின் முழங்கால்வரை நனைத்து, ஒரு செருப்பையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. மேடம் கீழே பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“இது வரக்கூடாதே.”

“தெனமும் வருது, மேடம்,” என்றாள் மார்கிரெட்.

“சுவர் எங்கே?”

“எந்தச் சுவரு?”

“இங்கே ஒரு சுவர் இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் இருக்கிறது. உங்கள் கணக்கிலும் வைத்திருந்தீர்களே. அது இல்லாமல் பூஜ்யம் எப்படி வரும்?”

சிலுவைதாசன் மேசையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், நாங்க சுவரு வச்சது ஒங்களுக்க விடை வரணும்னு. ஒங்களுக்க கணக்கில இல்லாதத வச்சோம்னு நினைச்சோம்.”

“அதிலென்ன தவறு? நாங்களும் அப்படித்தான்.”

“சுவரு இல்லாமப் போட்டா எத்தன வரும்?”

“இரண்டேகால் மீட்டர்,” என்றார் மேடம் தயங்காமல். “அப்படி வந்தால் சுவர் கட்ட வேண்டும் என்று ஆகும். கட்டிவிட்டால் பூஜ்யமாகும். எப்படிச் சுற்றிப் போனாலும் கடைசி விடை பூஜ்யம்தானே? அதனால் நாங்கள் நேராகவே அங்கே போய்விட்டோம். நடுவில் உள்ள படிகளைக் குறைப்பதுதான் நல்ல கணிதம்.”

இவ்வளவு அழகான ஒரு நிரூபணத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசுவது கடினம். சுவர் இருப்பதால் அலை வராது. அலை வராததால் சுவர் வேண்டாம். எங்கே தொட்டாலும் வழுக்கியது. பொன்னப்பன் மட்டும் தலைவர் என்ற கடமையை மறக்காமல், “கேடயம் மரமா, பிளாஸ்டிக்கா?” என்று கேட்டார். அடுத்த அலை கேடயத்தைக் கொண்டுபோனதில் அது பிளாஸ்டிக் என்று தெரிந்தது, மிதந்தது.

அன்று மத்தியானம் வராந்தாவில், கோழிகளுக்கு நடுவில், சிலுவைதாசன் தாளை எடுத்து ஓரம் மடித்தார். மார்கிரெட் அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நீது படியில் இருந்தாள்.

“கல்லு வேணும்னு எழுது, அண்ணா. வேற ஒண்ணும் எழுதாண்டாம்.”

“கல்லுண்ணு எழுதினா அது மனு. மனுவுக்குப் பதில் வராது. கணித வடிவத்தில எழுதணும்.”

“இன்னும் ஒனக்கு அந்தக் கிறுக்கு போகல்லியா?”

“இப்பந்தான் மார்கிரெட்டே எனக்குக் கணக்கு பிடிகிட்டியிருக்கு,” என்றார் அவர். அவர் குரலில் கோபம் இருந்ததைத் தங்கை முதல் முறையாகக் கேட்டாள். கிளறுவதை நிறுத்தினாள்.

அவர் எழுதினார். எழுதி முடித்து, வழக்கம்போல ஒரு தடவை உரக்க வாசித்தார்.

“பொருள்: கடற்கரையில் காணப்படும் பிழையைத் திருத்தக் கோருதல். பார்வை: தங்கள் கணக்கு, எங்கள் கணக்கு. ஐயா, அம்மா, தங்கள் கணக்கில் ஒரு சுவர் உண்டு. எங்கள் கணக்கிலும் ஒரு சுவர் உண்டு. கடற்கரையில் மட்டும் அது இல்லை. இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால், பிழை கடற்கரையில்தான் இருக்கிறது என்பது தெளிவாகிறது. ஆகவே எடவப்பாதி மழைக்கு முன்னால், மேற்படி கடற்கரையைத் தங்கள் கணக்கோடு ஒத்துப்போகும்படி திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். திருத்தத்துக்குக் கோடு போதாது. கணக்கைத் திருத்தித் தருவதாக இருந்தால், தங்கள் அலுவலகம் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது எந்த ஊர்க் கடல் என்பதையும் தெரிவிக்கவும்.”

“இது செரியாக்கும், மாமா,” என்றாள் நீது.

“பேரு யாருக்கது போடணும்?”

“எனக்கது போடு,” என்றாள் மார்கிரெட். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.

அண்ணனும் தங்கையுமாகத் தபாலாபீசுக்குப் போனார்கள். சிலுவைதாசன் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசை தடவி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்து ஒட்டினார். கவுண்டரில் இருந்த லிஜி உறையைத் திருப்பி, அனுப்புநர் முகவரியை வாசித்தாள்.

“மார்கிரெட், சுவருக்குப் பின்னால் உள்ள வீடு, பொழியூர்.” அவள் தலையைத் தூக்கினாள். “அக்கா, அப்படி ஒரு சுவரு நம்ம ஊர்ல இல்லியே. பதில் வந்தா எங்க கொண்டு தருவது?”

“நீ தேடாண்டாம், மக்கா,” என்றாள் மார்கிரெட். “பதில அவங்களே கொண்டு வரட்டு. சுவரக் கண்ட ஆள்க்காரு இந்த உலகத்தில அவங்க மட்டுந்தான்.”

லிஜி முத்திரையைக் குத்தி, உறையைப் பையில் போட்டாள்.